பல்லவிக்குப் பவர் பார்ப்பவர்

பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர். பாடத் தெரிந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். தெரியாமலே பாடுகிறவர்கள் ஏராளம். அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பத்திரமாக இருக்கிறார்கள். இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று உண்டு: பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர். அவரைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். மெதுவாக வாருங்கள். நடக்கிற சத்தத்தில் தாளம் தப்பினால் திரும்பிப் பார்த்துவிடுவார்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி வேண்டுமென்றால் ரசிகர் கூட்டங்களுக்குப் போக வேண்டும். நடிகரின் காருக்குப் பின்னால் ஓடுகிற கூட்டத்தைச் சொல்லவில்லை. எப்போதோ தொலைக்காட்சியில் வந்து பாதியில் நின்றுபோன ஒரு தொடரை, அதை எடுத்தவர்களே மறந்த பிறகும், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தைச் சொல்கிறேன். நம்முடைய கூட்டம் பிடித்துக்கொண்டிருக்கிற தொடருக்கு ‘நெடுவழி’ என்று பெயர். விண்வெளியில் ஒரு சரக்குக் கப்பல் எங்கிருந்தோ எங்கேயோ போகிறது. கப்பலின் அடித்தட்டில் பூட்டிய கதவு ஒன்று. உள்ளே என்ன சரக்கு என்று கேப்டனுக்கே தெரியாது. நமக்குத் தெரிவதற்குள் தொடரை நிறுத்திவிட்டார்கள். விளம்பரம் வரவில்லையாம்.

சாதாரண மனிதர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த தொடரைப் பார்ப்பார்கள். இவர்கள் ஒரு டயர் கடையின் மாடியில் அறை எடுத்து, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். உட்கார்ந்து என்ன செய்வது? கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் சண்டை போட்டார்கள். சண்டை அலுத்துப்போனதும் பாட ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய மெட்டை எடுப்பது, அதில் இருக்கிற காதலையும் நிலாவையும் கழற்றி வைத்துவிட்டு, கப்பலையும் கேப்டனையும் ஒழுகுகிற குழாயையும் மாட்டுவது. அவ்வளவுதான் பாட்டு. வாத்தியம் என்று பார்த்தால், நாற்காலிக் கை.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் நம் ஆளின் கஷ்டம் புரியும். எழுதியவரே பாடினால் அது பாட்டு ஆகாது. எல்லோரும் கேட்பார்கள், தட்டுவார்கள், அத்தோடு சரி. பிறகு ஒரு நாள், யாரும் கேட்காமல், வேறு யாராவது ஒருவர் தானாக அதை எடுத்துவிட வேண்டும். நாற்காலி மடக்கும்போதோ, தேநீர்க் கோப்பை கழுவும்போதோ, வாய் தன்னால் அந்தப் பாட்டுக்குப் போய்விட வேண்டும். போய்விட்டால் ‘பாட்டு கை மாறிடுச்சு’ என்பார்கள். அதற்குப் பிறகு அது எழுதினவருடையது இல்லை. கூட்டத்தினுடையது. இதற்கு மேல் ஒரு பட்டமோ பரிசோ அந்த மாடியில் கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

நம் ஆள் எழுதிய பாட்டு ஒன்றுகூட இதுவரை கை மாறியதில்லை.

அவருக்குக் கண்ணாடிக் கடை. கண் பரிசோதித்து, பவர் பார்த்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். கூட்டத்தில் ‘கண்ணாடிக்காரர்’ என்றால்தான் தெரியும். பகல் முழுக்க மனிதர்களின் மூக்கில் அந்தக் கனமான இரும்பு வளையத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, “இது தெளிவா இருக்கா?” என்று கேட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, “இப்ப இது?” என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி அவர் நாக்கில் தங்கிவிட்டது. காய்கறிக் கடையில் கத்தரிக்காயை அப்படித்தான் எடுப்பார். பெண் பார்த்த அன்றைக்கும் மனதுக்குள் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவர் மனைவிக்கு ஒரு சந்தேகம் இன்றுவரை உண்டு.

கூட்டத்துக்குப் புதிதாக யாராவது பாட்டோடு வந்தால், நேராக அவரிடம்தான் அனுப்புவார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். முதல் வரி முடியும்வரை மூடியே இருக்கும். இரண்டாவது வரியில் இடது கண் மட்டும் திறக்கும். பாட்டு முடிந்ததும் வலது கண்ணும் திறக்கும். பிறகு, “நல்லாத்தான் இருக்கு” என்பார். பாடியவர் மூச்சு விடப் போகும்போது, “ஆனா” என்பார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு தேநீர் ஆறிவிடும்.

சரி, அப்படி என்னதான் சொல்லுவார்? மெட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்பார். பாடுகிறவன் அடுத்தவன் முகத்தைப் பார்த்துப் பாட வேண்டுமே தவிர காகிதத்தைப் பார்த்து அல்ல. பல்லவி இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது; பாட்டு நடுவில் கழிவறைக்குப் போய்விட்டு வருகிறவர்கூட ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சேர்ந்துகொள்ள முடிய வேண்டும். தொடரையே பார்க்காதவனுக்குப் பாதி புரிய வேண்டும், பார்த்தவனுக்கு மீதிப் பாதியில் சிரிப்பு வர வேண்டும். கப்பலைக் காப்பாற்றியவனைப் பற்றி எழுதாதே, காப்பாற்றிய பிறகு தரையைத் துடைத்தவனைப் பற்றி எழுது. ஒரு சரணத்துக்கு ஒரு விஷயம் போதும். கடைசிச் சரணத்தில் பாட்டு லேசாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டிருக்கிற வாய் மூட மறந்து அப்படியே நிற்க வேண்டும்.

இந்த இனத்தை விவரமில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் சொல்கிற ஒவ்வொன்றும் சரி. அதுதான் தொல்லை. விவரமில்லாதவர் என்றால் ஒரு நாள் எழுந்து போய்விடலாம். சரியாகச் சொல்பவரை விட்டு எப்படி எழுந்து போவது?

இவ்வளவு தெரிந்தவர் எழுதுகிற பாட்டு எப்படி இருக்கும்? கப்பலின் இயந்திர அறையைப் பற்றி ஒன்று எழுதினார். பல்லவியில் கப்பலின் பதிவு எண் முழுசாக வரும். பாட்டுக்கு அது இடிக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, கப்பலுக்கு எண் அதுதான், நான் என்ன செய்ய முடியும் என்றார். இன்னொன்றில் தொடரின் எல்லாப் பகுதிகளும் வரிசையாக வரும், சரணத்துக்கு ஒன்று. அதை அவர் பாட ஆரம்பித்தபோது கீழே டயர் கடையில் ஒரு லாரியை நிறுத்தினார்கள். முடித்தபோது ஆறு சக்கரமும் மாட்டி லாரி போய்விட்டிருந்தது. அடுத்தவர் பாட்டில் ஒரு சொல் கூடினால் ஊசி குத்தியது போலத் துடிக்கிறவர்தான். தன் பாட்டில் கூடினால், அது சொல் இல்லை, தகவல்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் பாடுகிற பாட்டு நர்ஸ் அக்காவுடையது. அவர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் இருப்பவர். கப்பலின் சமையல்காரரைப் பற்றி எழுதியிருந்தார். தொடரில் அவர் வரும் காட்சிகளிலெல்லாம் ஒரு தட்டை நீட்டி, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார். பதில் வருவதற்குள் அபாயச் சங்கு அலறும், எல்லோரும் ஓடிவிடுவார்கள். அவ்வளவுதான் அவருடைய வேலை.

*சமையல்காரரே சமையல்காரரே, யாருக்கு வைக்கிறீங்க?*
*சங்கு அடிச்சா ஓடிடுவாங்க, யாருக்கு வைக்கிறீங்க?*

கடைசிச் சரணத்தில் எல்லோரும் கப்பலை விட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். சங்கு அடிக்கவில்லை. சமையல்காரர் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறார். ஒன்று தனக்கு, ஒன்று சங்குக்கு. இதைப் பேருந்துக்காக நிற்கும்போது எழுதியதாக அக்கா சொன்னார். முதல் முறை கேட்டபோது கண்ணாடிக்காரர் இடது கண்ணைத் திறந்து, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி, ஆனா என்று நிறுத்தி, இருபத்து மூன்றாம் பகுதியில் ஒரு தடவை கப்பல் மெக்கானிக் ‘சாப்பிட்டேன்’ என்று பதில் சொல்லியிருக்கிறானே என்று எடுத்துக்காட்டினார். அக்கா, “அப்படியாண்ணே?” என்று ஆச்சரியப்பட்டார். பாட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அடுத்த மாதமே அது கை மாறியது. அன்றைக்குக் கண்ணாடிக்காரரும் சேர்ந்துதான் பாடினார். வாய் பாடியது. உள்ளே இருபத்து மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, பயந்தவர்களையும் பயமே இல்லாதவர்களையும் ஒரே குரலில் வழிநடத்துகிறவர். ‘நெடுவழி’யில் ஒரு பகுதிகூடப் பார்த்ததில்லை. ஆனால் கணவர் பாட்டுகள் அத்தனையும் அவருக்குத்தான் முதலில் வந்து சேரும், அதுவும் வெங்காயம் நறுக்கும்போது. கண்ணில் தண்ணீர் வந்தால் பாட்டுக்கு வந்தது என்று இவர் எடுத்துக்கொள்வார். அந்த அம்மாளும் மறுத்ததில்லை.

ஒரு நாள் நர்ஸ் அக்கா பாட்டில் என்ன இருக்கிறது, தன் பாட்டில் என்ன இல்லை என்று நறுக்கி முடிக்கும்வரை பேசினார். கேட்டுக் கேட்டு அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, அதை நீங்க ஒரு தடவை செஞ்சு பாருங்களேன்.”

“எதை?”

“ரெண்டு வரிப் பல்லவி. ஒரு சரணத்துக்கு ஒரு விஷயம். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரிந்தது. ஆனால் மறுநாள் கடையில், ஒரு பெரியவர் சுவரில் இருக்கிற எழுத்துகளைக் கீழ் வரிசைவரை வாசித்துக்கொண்டு போய், கடைசி வரிக்கு வந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார். அதையும் வாசியுங்கள் என்றால், “அது தெரியாமலே இருக்கட்டுமே தம்பி, தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்?” என்றார். கண்ணாடிக்காரர் கையில் வில்லையோடு அப்படியே நின்றார். அவருக்குள் இரண்டு வரி வந்து உட்கார்ந்திருந்தது.

*திறக்காதே, கதவைத் திறக்காதே;*
*தெரிஞ்சுட்டா அப்புறம் போறது எங்கே?*

இப்போது நாம் நேர்மையாக இருக்க வேண்டும். இது நல்ல பல்லவி. அடித்தட்டுக் கதவைப் பற்றியது என்று தொடர் பார்த்தவனுக்குத் தெரியும். பார்க்காதவனுக்கு அவனவன் வீட்டில் ஒரு கதவு இருக்கும். முதல் சரணமும் மோசமில்லை:

*கேப்டன் வந்து காது வெச்சார், ஏதோ உருளுற சத்தம்;*
*சாவியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார், சட்டைப் பையில பத்திரம்.*

இத்தோடு பேனாவை மூடியிருக்கலாம். இன்னும் ஒரு சரணம் எழுதிவிட்டு மூடியிருக்கலாம். யார் மூடினார்கள்? கதவு என்று வந்துவிட்ட பிறகு அது என்ன உலோகம் என்று சொல்லாமல் எப்படி விடுவது? எந்தப் பகுதியில் யார் யார் அதன் அருகே போனார்கள்? அது தள்ளித் திறக்கிற கதவா, நகர்ந்து திறக்கிற கதவா? சரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நாலாவது சரணம் முழுக்கப் பூட்டின் அமைப்பு.

அந்த மாதக் கூட்டத்தில் பாடினார். பல்லவிக்கு நாலைந்து தலை ஆடியது. மூன்றாவது சரணத்தில் தலைகள் நின்றன. முடிந்ததும் கை தட்டினார்கள். நீண்ட நேரம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் தட்டுகிற தட்டு.

அவர் அந்த மாதம் முழுக்க, கடையில் வில்லை துடைக்கும்போதும், வீட்டில் துணி மடிக்கும்போதும், வேறு யார் வாயிலாவது அந்த இரண்டு வரி வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை இல்லையென்றால் இனி எழுதுவதில்லை என்றுகூட முடிவு கட்டியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் யாராவது ஒப்புக்கொண்டுவிடுவார்களோ என்று பயம்.

அடுத்த கூட்டம். நாற்காலிகள் இன்னும் வட்டமாகவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் உண்டு கூட்டத்தில், பெரிய உடம்பு, பெரிய குரல், பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று மேலே பார்த்துக் கத்திப் பழகிய குரல். இரண்டு கையிலும் இரண்டிரண்டு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தவர், அறைக் கதவு காற்றில் திறந்து திறந்து மூடுவதைக் காலால் உதைத்துச் சாத்திவிட்டு, தன் பாட்டுக்கு ஆரம்பித்தார்.

*திறக்காதே, கதவைத் திறக்காதே...*

ஜன்னலோரத்தில் இருந்து யாரோ இரண்டாவது வரியை எடுத்தார்கள். கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா திரும்பாமலே சேர்ந்துகொண்டார். மறுபடி பல்லவி வந்தபோது அறை முழுக்க வந்தது. நாற்காலிக் கைகள் தட்ட ஆரம்பித்தன.

கண்ணாடிக்காரர் மூலையில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் காது சூடாகியது. கோப்பையைக் கீழே வைத்தால் பாட்டு நின்றுவிடுமோ என்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார். கை மாறுகிறது. எதிரே, கண்ணுக்கு முன்னால், கை மாறிக்கொண்டிருக்கிறது.

முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதை மெக்கானிக் தாண்டிவிட்டார். கண்ணாடிக்காரர் பொறுத்துக்கொண்டார். மூன்றாவதற்கு வந்ததும் மெக்கானிக்குக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, மெட்டு வந்துகொண்டிருக்கிறது, சொல் இல்லை. என்ன செய்வார் பாவம், வந்ததைப் போட்டார்:

*மூணாவது சரணம் மறந்து போச்சு,*
*மூடின கதவு மூடியே போச்சு.*

சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நர்ஸ் அக்கா, கையில் இருந்த கோப்பையை ஈரத்தோடு ஆட்டிக்கொண்டே, புதிதாக ஒன்று போட்டார்:

*தட்டிப் பார்த்தோம், உள்ளேயிருந்து தட்டுறாங்க யாரோ;*
*அந்தப் பக்கம் போய்ப் பார்த்தா நாமதான் சரக்கோ?*

சிரித்துக்கொண்டிருந்த வாய்கள் மூட மறந்தன. ஒரு கணம்தான். பிறகு பல்லவி, முன்னைவிடப் பலமாக. கடைசிச் சரணம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷம் சொன்னாரே, திரும்பிப் பார்த்துவிட்டது. அவருடைய பாட்டு, அவர் சொன்னபடியே, அவர் இல்லாமல்.

அவரைக் காரில் கூட்டிவந்திருந்த மனைவி வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் பாடியவர்களைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். முதலில் கோப்பை இடது கைக்குப் போவதைப் பார்த்தார். பிறகு வலது கை, சட்டைப் பித்தான்வரை வந்து, அங்கே கொஞ்சம் தயங்கி, மேலே எழும்புவதைப் பார்த்தார். இருபது வருஷமாகத் தெரிந்த கை அது. அந்த அம்மாளின் வலது பாதம் அவரையறியாமல் தரையை ஓங்கி மிதித்தது. தரையில் பிரேக் இல்லை.

“ஒரு நிமிஷம்” என்றார் கண்ணாடிக்காரர்.

பாட்டு நின்றது. நாற்காலிக் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

ரொம்ப சந்தோஷம் என்றுதான் ஆரம்பித்தார். அது உண்மையும்கூட. நல்லாத்தான் இருக்கு என்றார். பிறகு அந்தக் கதவு தட்டுகிற கதவு இல்லை, நகர்கிற கதவு என்பதை விளக்கினார். தொட்டாலே சங்கு அலறும், எனவே தட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது சரணம் விட்டுப்போனதால் உலோகத்தைப் பற்றிய செய்தி வராமல் போகிறது. மூன்றாவதைப் பொறுத்தவரை, அது மறந்து போகவில்லை, தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று அச்சடித்துக்கொண்டு வந்திருந்த காகிதங்களைப் பையிலிருந்து எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

“இரண்டாவது சரணத்துல இருந்து எடுங்க. இப்ப தெளிவா இருக்கும்.”

எடுத்தார்கள். நல்ல மனிதர்கள். எல்லாத் தலையும் காகிதத்துக்குக் குனிந்தது. உலோகத்தைப் பாடினார்கள். மூன்றாவதில் குரல் பாதியாகியது. நாலாவதில், பூட்டின் அமைப்பில், கண்ணாடிக்காரரும் மெக்கானிக்கும் மட்டும் மிஞ்சினார்கள். ஐந்தாவதில் மெக்கானிக்கின் கைபேசி அடித்தது. எங்கேயோ ஒரு லிஃப்ட் நடு மாடியில் நின்றுவிட்டதாம். உள்ளே மாட்டிக்கொண்டவர்களைவிட அதிகமாக நிம்மதி அடைந்த முகத்தோடு அவர் கிளம்பினார்.

காரை மனைவிதான் ஓட்டினார். இரண்டு சிக்னல் தாண்டினார்கள்.

“கை மாறிச்சு இல்ல?” என்றார் கண்ணாடிக்காரர்.

“மாறிச்சு.”

“எல்லாரும் பாடினாங்க.”

“பாடினாங்க. நீங்கதான் திரும்பப் பிடுங்கிட்டீங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, கதவு நகர்கிற கதவுதான் என்றார். யார் இல்லை என்றார்கள் என்றார் அந்த அம்மாள்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் அவரை விட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அடுத்த மாதம் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி கழன்று விழுந்து, அதைத் தரையில் தவழ்ந்து தேடியதில், கண்ணாடிக்காரர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார். டயர் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற படிகளில் பாதி ஏறியபோது மேலே பாட்டு கேட்டது. திறக்காதே, கதவைத் திறக்காதே. முழு அறையும் பாடியது. உலோகம் இல்லை, பூட்டு இல்லை. மூணாவது சரணம் மறந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இன்னொன்று சேர்ந்திருந்தது:

*நாலாவது சரணம் தெரிஞ்ச ஆளு நல்லவேளை இன்னும் வரலை;*
*திறந்துடாதே மாடிக் கதவை, பாட்டு இன்னும் முடியலை.*

கூரை எழும்புகிற மாதிரி சிரித்தார்கள்.

வலித்ததா? வலித்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆனால் அவர் இனம் அப்படி. வலிக்கிற இடத்திலும் பவர் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு சரணத்துக்கு ஒரு விஷயம், சரி. தொடர் பார்க்காதவனுக்கும் புரியும், சரி. கப்பல் கதவு மாடிக் கதவாகிவிட்டது, நல்ல திருப்பம். தன்னையே வைத்துச் செய்திருந்தாலும் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு குறை. ‘இன்னும்’ இரண்டு தடவை வருகிறது. முதல் ‘இன்னும்’ தேவையே இல்லை. எடுத்துவிட்டால் வரி பறக்கும். இதைச் சொல்லிவிட வேண்டும். பாட்டின் நன்மைக்காகத்தான்.

ஒரு படி ஏறினார். தோல் காலணி மரப்படியில் டக்கென்று விழுந்தது.

மேலே பாட்டு நின்றது.

உள்ளே போனபோது எல்லோரும் எழுந்திருந்தார்கள். வாங்கண்ணே என்றார்கள். ஒருவர் நாற்காலி இழுத்துப் போட்டார், ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். நர்ஸ் அக்கா கண்ணைப் பார்க்காமல் சமையல்காரரை ஆரம்பித்தார். கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார், நாற்காலிக் கையில் தாளம் தட்டினார், யாருக்கு வைக்கிறீங்க என்று எல்லோரோடும் கேட்டார். ‘இன்னும்’ பற்றி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தொண்டைவரை வந்த திருத்தத்தை அவர் விழுங்கியது அதுதான் முதல் தடவை. இறங்குவதற்கு இரண்டு கோப்பை தேநீர் வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த கூட்டத்தன்று வாசலில் மனைவி அவர் காலைப் பார்த்தார்.

“கடைக்கு ஷூ. கூட்டத்துக்கு ரப்பர் செருப்பா?”

“அந்தப் படி வழுக்குது.”



இப்போதெல்லாம் அவர் வேண்டுமென்றே தாமதமாகத்தான் போகிறார். கடைசிப் படிக்கு மூன்று படி கீழே சுவரோரமாக உட்கார்ந்துகொள்கிறார். சத்தம் வராமல் முழங்காலில் தட்டுகிறார். பாட்டில் மாதத்துக்கு ஒன்று சேர்கிறது, ஒன்று உதிர்கிறது; சமீபத்தில் கேப்டன் சாவியைத் தொலைத்துவிட்டார், அது தொடரில் எங்குமே இல்லாத விஷயம். தாங்க முடியாத இடங்களில் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறார். முடிந்ததும் இரண்டு நிமிஷம் விட்டு, நன்றாக இருமிவிட்டு உள்ளே போகிறார். அதிர்ஷ்டமே இல்லை, என் பாட்டு மட்டும் ஏனோ கை மாறுவதே இல்லை என்று சில சமயம் அவரே சொல்வதுண்டு. அறையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

நல்லவேளை, நான் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்தச் சரணத்தில் ‘இன்னும்’ இரண்டு தடவை வருவதை அவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றால்கூடப் பரவாயில்லை. கூர்மையான வாசகர் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பது வேறு. சாயங்காலம் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ நீங்கள் படியேறி வரும்போது, உள்ளே ஏதோ சிரிப்பும் பாட்டுமாகக் கேட்டுக்கொண்டிருந்து, நீங்கள் நுழைந்ததும் சட்டென்று நின்று, எல்லோரும் எழுந்து வாங்க வாங்க என்று உங்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார்களா?

மரியாதை என்று நம்பி உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.